ஒற்றைப்படை மாதம்

கிணறு அவனுக்கு, போர் எனக்கு.
வடக்குவிளையில் நூல் பிடித்து நடுவே கல்.
வீட்டுக்குக் குறுக்கே ஹாலோபிளாக் சுவர்.
கார் மட்டும் வெட்ட முடியாத சாமான்.
ஒற்றைப்படை மாதம் எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு என்று
வள்ளியூர் வக்கீல் எழுதிக் கொடுத்தார்.
கூட்டிப் பார்த்தால் எனக்கு
வருஷத்தில் மூன்று நாள் கூடுதல்.
அண்ணன் அதைப் போன கார்த்திகையில்தான் கண்டுபிடித்தான்.
அன்றோடு பேச்சு நின்றது.

ஜூலை முப்பத்தொன்று, ராத்திரி பதினொன்றே முக்கால்.
காவல்கிணறு விலக்கில் ஊசி சிவப்புக்கு ஏறியது,
பானட் இடுக்கெல்லாம் ஆவி.
டீக்கடைக் குடத்தைக் கெஞ்சி வாங்கி
நின்று நின்று ஊற்றி, பணகுடி வந்து சேர்ந்தபோது
தேதி மாறியிருந்தது.
எந்த மாதத்தில் செத்தது இது?

காலையில், சுவர் முடிகிற முருங்கையடியில்,
நான் ஒரு சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
மறு சக்கரத்துக்கு அவன் வைத்தான்.
"வண்ணார்பேட்டையில மூவாயிரத்து நானூறு"
என்றேன், முருங்கையிடம்.
"பாதி"
என்றான், அவனும் முருங்கையிடம்.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பேட்டரி வயரைக் கழற்றி, அடித்திருகைத் திறந்தால்
பச்சையாய் வரவேண்டியது
தேரிமண் கரைத்ததுபோல் வழிகிறது.
மூன்று வருஷமாய் நான் ஊற்றிய போர்த்தண்ணீர், உப்பு.
அண்ணன் தொட்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான், அவ்வளவுதான்.
கிணறு உனக்குத்தானே வந்தது என்பது
என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

தெருநாய் ஒன்று மோந்து பார்க்க வந்தது.
இனிக்குமாம் கூலண்ட். நாய்க்கு நஞ்சு.
"சூ!" என்றோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.
எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சொன்னது அதுதான்.

மேல் ஹோஸ் வரமாட்டேன் என்றது.
கிளிப்பைத் தளர்த்தியும் கழுத்தை விடவில்லை ரப்பர்.
இழுத்தேன், ஏசினேன், மறுபடி இழுத்தேன்.
"பிச்சிராதல. மொதல்ல திருப்பு. பெறவு இழு."
இது முருங்கைக்குச் சொன்னதில்லை.

விசிறிக்கு நாலு போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர்
கேட்பதற்குள் கைக்கு வருகிறது.
மேல்தாங்கி ரெண்டையும் எடுத்தபிறகு
தூக்குவதற்கு என் ரெண்டு கை போதவில்லை.
வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்:
மடங்கிய செதில்களில் அப்பிக் காய்ந்த பூச்சிகள்,
தும்பியின் பாதிச் சிறகு, ஏதோ மஞ்சள்.
எது அவன் மாதத்துப் பூச்சி, எது என் மாதத்தது,
வக்கீல் வந்தாலும் பிரிக்க முடியாது.

புதுசு வந்த அட்டைப்பெட்டியை
ஆடிக்காற்று தூக்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் போட்டது.
கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து விழுந்தது.
அது காற்று இல்லை, மயினி.

புதுசு அடிக்குமிழில் உட்கார மூன்று தடவை ஆயிற்று.
ஊற்றத் தண்ணீர் எடுக்கப் போனேன்.
அண்ணன் ஏற்கெனவே ஒரு கேனை வைத்திருந்தான்,
மூடிமேல் பேனாவால் எழுதி:
460, பாதி.

மூடியைத் திறந்து வைத்தே வண்டியை ஓடவிட்டோம்.
குமிழ், பிறகு குமிழ்,
உள்ளே அடைந்துகிடந்த காற்றெல்லாம்
ஏப்பம் விட்டு விட்டு வெளியே வந்தது.
குறையக் குறைய ஊற்றினோம்.
ஊசி பாதியில் நிற்கிறது.
விசிறி இன்னும் சுற்றவில்லை.
ரெண்டு தலையும் குனிந்து, ஒன்றும் பேசாமல்,
ஓடுமா ஓடாதா என்று காத்துக்கிடக்கையில்
படக்கென்று சுற்றி முகத்தில் அடித்தது சூடு.
ரெண்டு பேரும் பின்வாங்கினோம்.

சாமான்களைத் துடைக்கும்போது தரையில் ஒரு போல்ட் மீதி.
எல்லா ஓட்டையும் நிரம்பித்தான் இருந்தது.
எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாவியை நீட்டினேன். ஆகஸ்டு.
அவன் வாங்கவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் போனபிறகு குரல் மட்டும் வந்தது:
"நாளைக்கு வள்ளியூர் வரைக்கும் ஓட்டிப் பாரு, ஒழுகுதான்னு.
நாலு நாளாச்சு. பாத்துக்க."